மூன்றாவது சக்கரம்: பழைய ஸ்கூட்டரில் பிறக்கும் வண்டிகள் பற்றி ஒரு திறனாய்வு

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் துணி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. நூல் ஓரிடத்தில் பின்னப்படுகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், சிலவேளை பிரிண்டிங், அதன்பின் தையல், செக்கிங், அயர்ன். இவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஜாப் ஒர்க் முறையில் இயங்கும் சிறு பட்டறைகளுக்கு ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு தெரு. அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் காதர்பேட்டைச் சந்துகளிலும் துணி மூட்டைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

இந்த மூட்டைகளில் சிறியவை மொபெட்டில் ஏறுகின்றன. பெரியவை சரக்கு ஆட்டோவில் போகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. மொபெட்டுக்கு அதிகம், ஆட்டோ வாடகைக்குக் கட்டாது என்ற அளவில் நூறு, நூற்றைம்பது கிலோ சரக்கு. காயலாங்கடையில் ஒரு பழைய ஸ்கூட்டர், தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை, கையில் கொஞ்சம் துணிச்சல்: இம்மூன்றும் உள்ளவர் மனத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்று உருவாகாமல் இராது. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளிலும் இத்தகைய வண்டிகளைக் காணலாம்.

இவற்றைப் பற்றிச் செய்தித்தாள்களில் அவ்வப்போது பாராட்டுரைகள் வருகின்றன. எத்தனை ஆயிரம் ரூபாயில் செய்தார், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை மூட்டை ஏற்றலாம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும், வளைவில் எந்த வேகத்தில் கவிழும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நூலை விமர்சிப்பவர் அதைப் படித்துவிட்டே விமர்சிக்கிறார். எந்திரத்தைப் புகழ்பவருக்கு மட்டும் அட்டையைப் பார்த்தால் போதும் போலும்! அந்த இரண்டு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பார்ப்போம்.

சாயாத வண்டி

ஸ்கூட்டர் வளைவில் சாய்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. ஏன் சாய்கிறது? வளைவில் திரும்பும்போது, வண்டியோடு போகிறவரின் பார்வையில், வெளிப்புறமாகத் தள்ளும் ஒரு விசை தோன்றுகிறது. எடை கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டின் தொகுபயன் விசை சாய்வாக அமையும். ஓட்டுபவர் தம்மை அறியாமலே வண்டியை அந்தச் சாய்வுக்குக் கொண்டுவருகிறார். ஆகவே தொகுபயன் விசை எப்போதும் சக்கரத்தின் தளத்திலேயே, மேலிருந்து கீழாகப் பாய்கிறது. ஸ்கூட்டரின் ரிம், அச்சு, போர்க், பேரிங் எல்லாம் இந்த ஒரு திசையில் வரும் சுமைக்காகவே வடிவமைக்கப்பட்டவை.

மூன்றாவது சக்கரத்தை மாட்டியவுடன் வண்டி நிற்கும்போது விழாது. அது இலாபம். ஆனால் அதே கணத்தில் சாயும் திறனையும் அது இழந்துவிடுகிறது. இனி வளைவில் தோன்றும் பக்கவாட்டு விசை முழுவதும் சக்கரத்தை ஒரு புறமாக வளைக்கப் பார்க்கும். வண்டியைக் கவிழ்க்கவும் பார்க்கும். ஒரு சக்கரத்தைச் சேர்த்தோம் என்று பட்டறைக்காரர் நினைக்கிறார். சாய்வைக் கழித்தோம் என்று இயற்பியல் சொல்கிறது.

எந்த வேகத்தில் கவிழும் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. மேல்நிலை வகுப்பு மாணவர் ஒரு தாளில் போட்டுவிடலாம். மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் முக்கோணத்தின் ஓரம் எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு பின்னம் வரும். பக்கவாட்டு விசை வண்டியின் எடையில் அந்தப் பின்னத்தைத் தாண்டினால் உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

பின்சக்கரத்தின் இருபுறமும் பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 124 சென்டிமீட்டர். பக்கச் சக்கரங்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ. இருவரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 64 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும். அது முன் சக்கரத்திலிருந்து பத்தில் ஆறு பங்குத் தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், அவ்விடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 40 சென்டிமீட்டரில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 24 சென்டிமீட்டர். 24ஐ 64ஆல் வகுத்தால் 0.375. பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு தெருமுனையில் இது எந்த வேகத்துக்குச் சமம்? நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். மணிக்கு 22 கிலோமீட்டர்.

அதே தெருமுனையில் பக்கச் சக்கரம் இல்லாத ஸ்கூட்டர், உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் 0.7 என்று கொண்டால், சுமார் 30 கிலோமீட்டர் வரை சாய்ந்து திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் சறுக்கும். மூன்று சக்கரம் இரண்டு சக்கரத்தைவிடப் பத்திரமானது என்று நம்புகிறோமே, நிற்கும்போது அது உண்மை. திரும்பும்போது உண்மையன்று.

இன்னொன்றும் உண்டு. வளைவில் பயந்து பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? பாரம் முன்னோக்கிப் போகிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதால் முக்கோணம் அங்கே குறுகலானது. எடையில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிரேக் விசை இருந்தால், மேலே சொன்ன வண்டி 22க்குப் பதில் 19 கிலோமீட்டரிலேயே தூக்கிவிடும். காலடியில் ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டால் இன்னும் குறையும். அபாயத்தைக் கண்டு மனிதன் செய்யும் முதல் காரியமே அபாயத்தை வளர்க்கிறது என்றால், அந்த அமைப்பை நல்ல அமைப்பு என்று எப்படிச் சொல்வது?

குளவியும் தேனீயும்

பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்ற அமைப்பு நம் கண்ணில் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்குக் காரணம் ஆட்டோ ரிக்‌ஷா. அதன் தாய்வீடு இத்தாலி. ஹெலிகாப்டர் வடிவமைப்பாளரான கொராதினோ தஸ்கானியோ, பியாஜியோ நிறுவனத்துக்காக 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை உருவாக்கினார். வெஸ்பா என்றால் குளவி. இரண்டே ஆண்டுகளில், 1948இல், அதே ஸ்கூட்டரின் முன்பாகத்தை வைத்துக்கொண்டு, பின்னால் இரு சக்கரங்களும் மரத்தட்டும் அமைத்து 200 கிலோ சுமக்கும் ஒரு வண்டி வந்தது. அதற்கு ஆப்பே, அதாவது தேனீ, என்று பெயர். போரில் நொடித்த நாட்டில் சிறு வணிகர்களின் சரக்கை ஏற்ற ஸ்கூட்டர் உறுப்புகளைக் கொண்டே வண்டி செய்தார்கள். திருப்பூர்ப் பட்டறைக்காரர் இன்று நினைப்பதும் அதுவே. நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் 1959இல் உரிமம் பெற்று இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. லக்னோவில் 1972இல் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் லாம்பிரெட்டா வழியில் விக்ரம் வண்டியைத் தந்தது. பெயர்கள் எதற்கு, வழி ஒன்றுதான்.

ஆனால் தொழிற்சாலைக்காரர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் டயர் 3.50-10. அவர்களது ஆட்டோவின் டயர் 4.00-8. ரிம் சிறிது, டயர் தடிமன். பக்கவாட்டு விசையைத் தாங்க அதுவே ஏற்றது. ஆட்டோவின் முன்பின் சக்கர இடைவெளி ஏறக்குறைய 2 மீட்டர், மொத்த அகலம் 1.3 மீட்டர். ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் முக்கோணம் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பது தெரியும். ரிவர்ஸ் கியர் சேர்க்கப்பட்டது. முக்கியமாக, பின் சக்கரங்களுக்கு இடையே டிஃபரன்ஷியல் வைக்கப்பட்டது.

டிஃபரன்ஷியல் ஏன் தேவை என்பதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. இரு பின்சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் என்று கொள்வோம். வண்டி ஒரு தெருமுனையில் 90 பாகை திரும்பினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 1.57 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது! சக்கர இடைவெளியும் திரும்பும் கோணமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. (மாணவர்கள் நிறுவிப் பார்க்கலாம்.) இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பற்றவைத்துவிட்டால், அந்த 1.57 மீட்டரை டயர் தேய்ந்துதான் கொடுக்க வேண்டும். வண்டி நேராகவே போக விரும்பும். ஓட்டுபவரின் தோள் வலிக்கும். இதற்கு அஞ்சிப் பட்டறைகள் ஒரு சக்கரத்துக்கு மட்டும் விசையைக் கொடுப்பதும் உண்டு. அப்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் வண்டி இழுக்கும்.

ஆக, ஆட்டோவைப் பார்த்து ஆட்டோவைப் போலச் செய்ய முயல்பவர், ஆட்டோவில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார். தெரியாததை விட்டுவிடுகிறார். வயலில் மெதுவாக இழுக்க வேண்டிய வண்டியானால் குறைகள் பொறுக்கத்தக்கவை. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி 1994இல் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கர அச்சும் உழுகருவியும் பொருத்திச் செய்த சாந்தி என்னும் உழவு வண்டி அத்தகையது. உழவு வேகத்தில் அது கவிழாது. காங்கயம் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டிய வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

காலுக்காகச் செய்த வண்டி

பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மட்டும் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இது விளையாட்டாகச் செய்யப்படும் வண்டியன்று. கால் செயலிழந்த மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை விலையில்லாமல் வழங்கி வருகிறது. பனியன் கம்பெனி வாசல்களில் காலையில் வந்து நிற்கும் இத்தகைய ஸ்கூட்டர்கள் எத்தனை குடும்பங்களின் வருமானத்தைச் சுமக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. பேருந்துப் படியில் ஏற முடியாதவர் தாமாகவே வேலைக்குப் போய் வருகிறார் என்பது பெரிய மாற்றம். திட்டத்தைப் பாராட்டுவோம். எந்திரத்தைப் பரிசோதிப்போம்.

முதலில், இது மூன்று சக்கர வண்டியே அன்று, நான்கு சக்கரம். ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரம் நடுவில் இருக்க, இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்கள் வந்து சேர்கின்றன. எஞ்சின் ஓட்டுவது நடுச் சக்கரத்தை மட்டும். இதனால் டிஃபரன்ஷியல் தொல்லை இல்லை. ஸ்கூட்டரை வெட்டவும் வேண்டியதில்லை. சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் பின்னால் ஒரே வரிசையில் மூன்று சக்கரங்கள் நின்றால் எடையை யார் சுமப்பது? தரை சமமாக இருக்கும் வரை பங்கு போட்டுக்கொள்ளும். வேகத்தடையிலோ, சாக்கடை ஓரச் சரிவிலோ, பள்ளத்திலோ பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி, நடுச் சக்கரம் பள்ளத்தின்மேல் தொங்கினால், எஞ்சின் உறுமும், சக்கரம் காற்றில் சுழலும், வண்டி நகராது. இறங்கித் தள்ள வேண்டியவருக்கோ இறங்க இயலாது.

பிரேக்கிலும் இதே குறை. பெரும்பாலான இணைப்புகளில் பக்கச் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. எடையில் ஒரு பகுதியை அவை சுமக்கின்றன. ஆகவே பிரேக் உள்ள நடுச் சக்கரத்தின்மேல் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். வண்டியின் எடை கூடி, பின் பிரேக்கின் பிடி குறைகிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விட உறுத்துவது ரிவர்ஸ். கியரில்லா ஸ்கூட்டரில் பின்னோக்கிச் செல்லும் வசதி கிடையாது. கால் நலமாக உள்ளவர் தரையில் ஊன்றித் தள்ளிக்கொள்வார். காலால் ஊன்ற முடியாதவருக்காகவே செய்த வண்டியை, பின்னால் நகர்த்தக் கால் வேண்டும் என்று விட்டுவிடுவது என்ன நியாயம்? கம்பெனி நிறுத்துமிடத்தில் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, மாலையில் யாராவது வந்து இழுத்துவிடும் வரை காத்திருக்க வேண்டியதுதான். சில இணைப்புகளில் ரிவர்ஸ் அமைப்பும் சேர்த்துத் தருகிறார்கள். அது விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளும் அலங்காரப் பொருளன்று. அது இல்லாத வண்டி முடியாத வண்டி.

மீன்பாடி வண்டியின் நியாயம்

இனி, சரக்கு வண்டி செய்ய நினைக்கும் திருப்பூர்ப் பட்டறைக்காரரிடம் ஒரு விண்ணப்பம்: ஆட்டோவை விட்டுவிட்டு, சென்னை மீன்பாடி வண்டியைப் பாருங்கள். பலர் முகம் சுளிக்கக்கூடும். மூன்று சக்கரச் சரக்கு மிதிவண்டியில் பழைய ஸ்கூட்டர் அல்லது மொபெட் எஞ்சினைக் கட்டி, புகையும் இரைச்சலுமாகச் சந்தைத் தெருக்களில் பாய்ந்து செல்லும் அந்த வண்டிக்கு நற்பெயர் கிடையாது. பதிவெண் இல்லை, காப்பீடு இல்லை, காவலர் கண்டால் பறிமுதல். அவ்வளவும் சரி. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். இரு சக்கரங்களும் சரக்குத் தட்டும் முன்னால்; ஓட்டுபவரும் ஒற்றைச் சக்கரமும் பின்னால்.

முக்கோணம் திரும்பிவிட்டது! சரக்கு ஏற்றினால் ஈர்ப்பு மையம் அகலமான பக்கத்துக்கு வருகிறது. பிரேக் பிடித்தால் பாரம் இன்னும் அகலமான பக்கத்துக்கே போகிறது. வளைவில் பயந்து பிரேக் பிடிப்பவரை இந்த வண்டி காப்பாற்றுகிறது. ஓட்டும் சக்கரம் ஒன்றே ஆகையால் டிஃபரன்ஷியல் வேண்டாம். ஆங்கிலேயரான மார்கன் 1910ஆம் ஆண்டையொட்டித் தம் மூன்று சக்கரக் கார்களுக்கு இதே அமைப்பைத்தான் கொண்டார். ஆப்பேயைத் தந்த அதே பியாஜியோ நிறுவனம் 2006இல் எம்.பி.3 என்ற ஸ்கூட்டரை வெளியிட்டபோது, இரு சக்கரங்களையும் முன்னால் வைத்து, அவை சாயும்படியும் செய்தது. 58 ஆண்டுகள் கழித்துத் தேனீயின் வீட்டிலேயே முக்கோணம் திரும்பியது.

ஸ்கூட்டர் உறுப்புகளுக்கும் இந்த அமைப்பே இயல்பானது என்பது என் கருத்து. வெஸ்பா வழி ஸ்கூட்டரில் எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரம், பிரேக் எல்லாம் ஒரே தொகுதி. நடுவில் செயின் கிடையாது. 1984இல் வந்த கைனெடிக் ஹோண்டாவும் சரி, இன்றைய கியரில்லா ஸ்கூட்டர்களும் சரி, இவ்விதத்தில் ஒன்றே. இத்தொகுதியைச் ஷாக் அப்சார்பரோடு அப்படியே கழற்றி ஒரு சட்டத்தின் பின்னால் மாட்டலாம். அதை வெட்டிப் பிரித்து இரு சக்கரங்களுக்கு விசை பகிர்வது, இயற்கையாக ஒட்டியிருப்பதைப் பிய்த்து மீண்டும் ஒட்டுவது போன்றது. ஸ்கூட்டர் எஞ்சினுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அது மூடிய பெட்டிக்குள் இருப்பதால் அதன்மேல் காற்றை வீச ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓடும் வேகத்தில் வரும் காற்றை நம்பியிருக்கிறது. பாரத்தோடு ஊர்ந்தால் கொதித்துவிடும். ஊர்ந்து செல்லும் சரக்கு வண்டிக்கு விசிறி உள்ள எஞ்சினே ஏற்றது. ஸ்கூட்டரின் தகட்டு ரிம்மும் அப்படியே; பக்கவாட்டு விசையில் கம்பிச் சக்கரம் எட்டு வடிவில் முறுக்கிக்கொள்ளும் இடத்தில் அது நின்று தாங்கும். எஞ்சின் தொகுதியைச் சட்டத்தோடு இணைக்கும் புஷ் மட்டும் பக்கவாட்டு இழுப்புக்காகச் செய்யப்பட்டதன்று. அதைத் தடிப்பாக்க வேண்டும்.

அப்படியானால் மீன்பாடி வண்டி ஏன் விபத்தில் சிக்குகிறது? அமைப்பு சரி, மற்றதெல்லாம் தவறு என்பதால். பலவற்றில் பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டும். சரக்கு முன்னால் இருக்கும்போது பின்சக்கரம் சுமப்பது மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வோம். பிரேக் பிடித்தால் அதுவும் குறையும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 350 கிலோ வண்டியிடம் சுமார் 12,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பின்பிரேக் ஒன்றை மட்டும் கொண்டு அதை நிறுத்த, டயர் வழுக்கும் எல்லை வரை பிடித்தாலும், ஏறக்குறைய 19 மீட்டர் ஆகும். மூன்று சக்கரங்களிலும் பிரேக் இருந்து எடையில் பாதி அளவு விசை கிடைத்தால் 7 மீட்டர் போதும். இடையே உள்ள 12 மீட்டரில் ஒரு பள்ளிக்கூட வாசலே இருக்கலாம். பழைய ஸ்கூட்டர்கள் இரண்டின் முன்சக்கரப் பிரேக் டிரம்களைக் காயலாங்கடையில் வாங்குவதற்கு ஆகும் செலவு, வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் செலவைவிட மிகுந்துவிடாது.

மற்றொரு குறை திருப்பும் முறை. பலவற்றில் முன்தட்டு, சரக்கு, சக்கரம் எல்லாம் ஒரே அச்சாணியில் மொத்தமாகத் திரும்புகின்றன. மாட்டுவண்டி வேகத்துக்கு அது சரி. எஞ்சின் வைத்த பிறகு, ஒரு சக்கரம் கல்லில் இடித்தால் கைப்பிடி மணிக்கட்டை முறிக்கும் வேகத்தில் திரும்பும். சக்கரங்கள் தனித்தனி முளையில் திரும்பி, உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பும்படி இணைப்பது இதற்கு மாற்று. மியூனிக் நகரத்து வண்டிக் கட்டுநர் லாங்கென்ஷ்பெர்கர் கண்டு, அவருக்காக ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்ற முறை இது. குதிரை வண்டிக்காகச் செய்தது. இரு நூற்றாண்டு கடந்தும் நம் பட்டறைகளில் சிலர் இதைக் கார்க்காரர் சமாசாரம் என்று ஒதுக்குகிறார்கள். ஒரு பழைய ஆட்டோவின் டை ராடு மூட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆட்டோவில் முன்னால் ஒரே சக்கரம், அங்கே அது இராது. பழைய காரில் கிடைக்கும்.

இவ்வமைப்புக்கு உள்ள உண்மையான குறையையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் மூட்டையை அடுக்கினால் பாதை மறையும். பனியன் துணி கனம் குறைந்தது, இடம் அடைப்பது; நூறு கிலோவே பெரிய குன்றாக நிற்கும். அதனால் தட்டு தாழ்வாகவும், ஓட்டுபவர் இருக்கை சற்று உயரமாகவும், அடுக்கும் உயரத்துக்கு ஒரு கம்பி வரம்பும் வேண்டும். வரம்பை மீறி அடுக்குபவரை எந்த வடிவமைப்பாலும் தடுக்க முடியாது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வாக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகக் கூறிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகளுக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. எனவே பட்டறையில் செய்த சரக்கு வண்டி கம்பெனி வளாகத்துக்குள்ளும் கண்காட்சித் திடலிலும் ஓடலாமே தவிர, முறைப்படி சோதித்து ஒப்புதல் பெறாமல் சாலைக்கு வர முடியாது. கேட்க இனிமையாக இல்லை. ஆனால் 19 மீட்டர்க் கணக்கைப் போட்டவர்கள் சட்டத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். மின்சார ரிக்‌ஷாவுக்கும் மின்சாரச் சரக்கு வண்டிக்கும் 2014இல் விதிகள் வகுத்தபோது வேகத்தை 25 கிலோமீட்டருக்குள் நிறுத்தியதும், சரக்குக்கு 310 கிலோ என்று வரம்பு கட்டியதும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கவை.

மின் ஸ்கூட்டர் வந்த பிறகு பக்கச் சக்கர வண்டியின் கதை மாறும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு விதத்தில் மெய்தான். மின் மோட்டாருக்குப் பின்னோக்கிச் சுழல்வது ஒரு பெரிய காரியமன்று. இன்று விற்பனையில் உள்ள மின் ஸ்கூட்டர்கள் சிலவற்றில் அந்த வசதி இருக்கிறது. பேட்டரி காலடியில் இருப்பதால் வண்டி கவிழாது என்று சொல்வதைத்தான் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம் எடுத்துக்காட்டு வண்டியின் ஈர்ப்பு மையம் 64லிருந்து 58 சென்டிமீட்டருக்கு இறங்கினாலும், அந்தப் பத்து மீட்டர் வளைவில் கவிழும் வேகம் 22லிருந்து 23 கிலோமீட்டராகத்தான் உயர்கிறது. பக்கச் சக்கரங்களை ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் வெளியே தள்ளி இடைவெளியை ஒரு மீட்டராக்கினால் 24ஐத் தாண்டும். அதற்கு வேண்டியது ஓர் அடிக்கும் குறைவான இரும்புக் குழாய். வீட்டு வாசல் அதற்கு இடம் தருமா என்பதைக் கொடுப்பவர்கள், வண்டியைக் கொடுக்குமுன், வாங்குபவரின் வீட்டுக்குப் போய் அளந்து பார்க்க வேண்டும்.